எனக்கு இன்னும் சோறு தரல்லயே

மத்தியானம் ஒரு மணிக்குச் சோறு கொடுத்தோம். கெளுத்தி மீன் ஆணம், முருங்கையிலைச் சுண்டல், பருப்பு. அம்மம்மா ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். கை கழுவினார். விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் போய்ச் சாய்ந்தார். மணி ஒன்றரை ஆகியிருக்காது, என்னைக் கூப்பிட்டார்.

"எனக்கு இன்னும் சோறு தரல்லயே, புள்ள."

முதல் நாள் விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். "இப்பதானே அம்மம்மா சாப்பிட்டீங்க" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. அதில் கோபம் இல்லை. சொந்தப் பேத்தியே பொய் சொல்கிறாளே என்ற திகைப்புத்தான் இருந்தது.

பிறகு அது அன்றாடம் ஆயிற்று. கிழக்கிலங்கையில் களுதாவளை எங்கள் ஊர். எங்கள் வளவுக்கும் அடுத்த வளவுக்கும் நடுவில் இருப்பது கிடுகு வேலிதான். இந்தப் பக்கம் பேசுவது அந்தப் பக்கம் கேட்கும். ஒரு நாள் கடைக்குப் போன அம்மாவிடம் யாரோ, "வயசான மனுசிக்கு நேரத்துக்கு ரெண்டு பருக்கை குடுங்களன்" என்று சொல்லிவிட்டார்கள். அம்மா வீட்டுக்கு வந்து குசினிக்குள் இருந்து அழுதார். விடியற்காலையில் எழும்பி தன் தாய்க்குப் பிட்டு அவிக்கிற ஒருத்திக்கு அதைவிட வேறு வசை வேண்டுமா?

நான் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறவள். பசியைப் பற்றி வருடாவருடம் கரும்பலகையில் படம் கீறியிருக்கிறேன். மூளையின் அடியில் ஹைப்போதலமஸ், அதன் பக்கவாட்டில் பசி மையம், நடுப்பக்கம் நிறைவு மையம். ஒன்று தூண்டும், மற்றது அடக்கும். பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள், அதோடு சரி. அந்தப் படத்தில் அம்மம்மாவின் கேள்விக்கு இடமே இல்லை. வயிறு நிறையச் சோறும் மீனும் இருக்கும்போது ஒரு மனுசி எப்படி மனதார "நான் சாப்பிடவில்லை" என்று சொல்ல முடியும்? அதைத் தெரிந்துகொள்ளத்தான் பசி பற்றிய ஆய்வுகளைத் தேடி வாசிக்கத் தொடங்கினேன். இரவில், அம்மம்மா நித்திரையான பிறகு, தொலைபேசி வெளிச்சத்தில்.

1998இல் போல் ரோசின் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவரோடு வேலை செய்தவர்களும் ஒரு சிறிய ஆய்வை வெளியிட்டார்கள். சிறியது என்றால் மெய்யாகவே சிறியது. அதில் முக்கியமானவர்கள் 2 பேர்தான். மூளைப் பழுதால் இருவருக்கும் கடும் மறதி, சற்று முன் நடந்தது கூட நினைவில் நிற்காது. அவர்களுக்கு மத்தியானச் சாப்பாடு கொடுத்தார்கள். சாப்பிட்டார்கள். எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, 10 முதல் 30 நிமிடம் கழித்து, இதோ மத்தியானச் சாப்பாடு என்று மறுபடி கொண்டுவந்து வைத்தார்கள். அதையும் சாப்பிட்டார்கள். மூன்றாம் முறை வைத்தபோதும் பெரும்பாலும் கை வைத்தார்கள். நினைவு நன்றாக இருந்த வேறு நோயாளிகளோ இரண்டாவது சாப்பாட்டையே வேண்டாம் என்று தள்ளிவிட்டார்கள்.

அதற்கு முன்பே, 1985இல், ஹென்றி மொலைசனைப் பற்றிய ஒரு ஆய்வு வந்திருக்கிறது. வலிப்பு நோய்க்காக 1953இல் மூளையில் சத்திரசிகிச்சை செய்யப்பட்டு, புதிய நினைவு எதையும் சேர்த்துவைக்க முடியாமல் போனவர் அவர். 2008இல் இறக்கும் வரை உலகத்துக்கு ஹெச்.எம். என்ற இரண்டு எழுத்தாகத்தான் தெரிந்திருந்தார். இராச்சாப்பாடு முடிந்து ஒரு நிமிடத்துக்குள் அவர் முன் இன்னொரு சாப்பாட்டை வைத்தார்கள். அதையும் சாப்பிட்டார். எவ்வளவு பசிக்கிறது என்று சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் கேட்டால் ஒரே பதில்தான் வந்தது.

வாசித்து முடித்து இருட்டில் வெகுநேரம் இருந்தேன். "பசிக்குது" என்று சொல்லும்போது நாங்கள் வயிற்றை மட்டும் கேட்டுச் சொல்வதில்லை. கடைசியாக எப்போது சாப்பிட்டோம், என்ன சாப்பிட்டோம் என்ற நினைவையும் கேட்டுத்தான் சொல்கிறோம். மறதி நோயில் மூளையின் பல இடங்கள் கெடும், அம்மம்மாவுக்கு நடந்தது முழுக்க இதுதான் என்று சொல்ல நான் வைத்தியர் இல்லை. ஆனாலும் ஒன்று விளங்கிவிட்டது. அவர் பொய் சொல்லவில்லை. எங்களைக் குறை சொல்லவும் இல்லை. அந்த மத்தியானம் அவருக்குள் நடக்கவே இல்லை.

இங்கிலாந்தில் பேர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் சூசன் ஹிக்ஸ் இதையே நல்ல நினைவுள்ளவர்களிடம் பார்த்திருக்கிறார். பின்னேரம் சிற்றுண்டி வைப்பதற்கு முன் "இன்றைக்கு மத்தியானம் என்ன சாப்பிட்டீர்கள்" என்று யோசிக்கச் சொன்னால், சிற்றுண்டி குறைவாகவே இறங்குகிறது. தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டு மத்தியானம் சாப்பிட்டவர்களோ பின்னேரம் கூடத் தின்கிறார்கள். இதை வாசித்த அடுத்த நாள் நான் அம்மம்மாவின் கோப்பையைக் கழுவவில்லை. ஆணம் காய்ந்து, கரையில் மீன் முள்ளோடு, அப்படியே ஒரு மூடியால் மூடி விறாந்தை மேசையில் வைத்தேன். அவர் கேட்டதும் மூடியைத் திறந்து காட்டினேன். குனிந்து பார்த்தார். ஒரு முள்ளை எடுத்துக் கைக்குள் வைத்துத் திருப்பினார்.

"கெளுத்தி" என்றார். கொஞ்சம் பொறுத்து, "தின்டிருக்கன் போல" என்றார்.

எல்லா நாளும் இது பலிக்கவில்லை. ஆனால் பலித்த நாட்களில் "சாப்பிட்டீங்க, சாப்பிட்டீங்க" என்று நாங்கள் வாதாட வேண்டி வரவில்லை. முள்ளே சாட்சி சொன்னது. சாப்பிடும்போது பக்கத்தில் இருந்து கதைக்கவும் பழகிக்கொண்டோம். இது என்ன மீன், யார் கொண்டு வந்தது, புளி கூடிவிட்டதா என்று. அந்தப் பேச்சு எங்களுக்கும் நல்லதாக இருந்தது.

கரும்பலகைப் படத்துக்கு வருகிறேன், ஏனென்றால் அதன் கதையும் எனக்கு அப்போதுதான் தெரிந்தது. 1940இல் ஹெதரிங்டன், ரான்சன் என்ற இருவர் எலியின் ஹைப்போதலமஸில் நடுப்பக்கத்தைப் பழுதாக்கினார்கள். எலி கொழுத்துப் பெருத்தது. 1951இல் பக்கவாட்டைத் தொட்டவர்களில் ஒருவர் எங்கள் பிராந்தியத்தவர். பால் கிருஷன் ஆனந்த் என்ற இந்தியர், அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் ஜோன் புரோபெக்குடன் சேர்ந்து செய்த வேலை அது. இரு பக்கமும் பழுதான எலி, முன்னால் தீனி குவிந்து கிடக்க, வாய் வைக்காமல் பட்டினியில் செத்தது. ஆனந்த் பிறகு டெல்லி திரும்பி அங்குள்ள அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் உடற்றொழிலியல் துறையைக் கட்டியெழுப்பினார். இத்தனை வருடம் அவர் பெயரைச் சொல்லாமல் அவர் கண்டதை மட்டும் படிப்பித்திருக்கிறேன். இப்போது பெயரையும் கரும்பலகையில் எழுதுகிறேன்.

இரண்டு மையம், இரண்டு ஆளி என்ற கதை பிறகு மிகவும் சிக்கலாகிவிட்டது. உடம்பில் இருக்கும் கொழுப்பே மூளைக்குச் செய்தி அனுப்புகிறது என்று 1953இல் கென்னடி என்பவர் ஊகித்தார். அந்தச் செய்தியின் பெயர் தெரிய 41 வருடம் ஆனது. 1994இல் நியூயோர்க்கில் ஜெஃப்ரி ஃப்ரீட்மனின் ஆய்வுகூடம் லெப்டினுக்கான மரபணுவைக் கண்டுபிடித்தது. மெலிந்தது என்ற பொருள்படும் கிரேக்கச் சொல்லில் இருந்து வைத்த பெயர். கொழுப்புக் கலங்கள் சுரக்கும் ஓமோன் இது, சேமிப்பு போதுமான அளவு இருக்கிறது என்று மூளைக்குச் சொல்வது. 1999இல் ஜப்பானில் கொஜிமாவும் கங்காவாவும் எலியின் இரைப்பையில் இருந்து கிரெலின் என்ற ஓமோனைப் பிரித்தெடுத்தார்கள். அது எதிர்ப்பக்கம், பசியைத் தூண்டுவது, சாப்பாட்டு நேரம் நெருங்க நெருங்க இரத்தத்தில் ஏறும், சாப்பிட்டதும் இறங்கும்.

இந்தக் கண்டுபிடிப்புகளில் என்னை உலுப்பியது ஒரு சிறுமியின் கதை. கேம்பிரிட்ஜில் சதாஃப் ஃபரூக்கியும் ஸ்டீபன் ஓ'ராஹிலியும் அங்கம் வகித்த குழு 1997இல் எழுதியது. பாகிஸ்தானைப் பூர்வீகமாகக் கொண்ட ஒரு குடும்பத்தில் இரண்டு பிள்ளைகள், மச்சான் மச்சாள் முறை. 8 வயதுச் சிறுமி 86 கிலோ. 2 வயதுப் பையன் 29 கிலோ. பிறக்கும்போது இருவரும் சாதாரண எடைதான். ஓயாத பசி, சாப்பாடு கிடைக்காவிட்டால் அலறல். பரிசோதித்தால், லெப்டின் மரபணுவில் ஒரே ஒரு எழுத்து விடுபட்டிருந்தது. உடம்பு நிறையக் கொழுப்பு இருந்தும் "போதும்" என்ற செய்தி மூளைக்குப் போய்ச் சேரவே இல்லை. மூளைக்குத் தெரிந்த வரையில் அந்தப் பிள்ளை பட்டினி கிடக்கிறது. சிறுமிக்கு நாளாந்தம் லெப்டின் ஊசி போட்டார்கள். பசி அடங்கியது. ஒரு வருடத்தில் 16 கிலோவுக்கு மேல் குறைந்தது.

அந்தப் பிள்ளையின் தாய் எத்தனை வாய்ப்பேச்சுக் கேட்டிருப்பார் என்று யோசித்தேன். "பிள்ளைக்கு வாயைக் கட்டப் பழக்கவில்லை" என்று எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள். இங்கே கடைக்குப் போனபோது அம்மா கேட்டது அதற்கு நேரெதிர்ப் பேச்சு, ஆனால் ஒரே இடத்தில் இருந்து வருவது. ஒருவர் கூடச் சாப்பிட்டாலும் குறையச் சாப்பிட்டாலும் அதை அவருடைய குணமாகவோ வீட்டாரின் குற்றமாகவோதான் நாங்கள் பார்க்கிறோம். இப்படி மரபணு முழுதாகப் பழுதாவது மிக அரிது. ஆனால் வகுப்பில் உடம்பு பெருத்த பிள்ளையை மற்றவர்கள் "பூசணி" என்று கூப்பிடும்போது நான் முன்பு அதட்டிவிட்டு நகர்ந்துவிடுவேன். இப்போது பாடத்தை நிறுத்திவிட்டு இந்தச் சிறுமியின் கதையைச் சொல்கிறேன். வகுப்பு அமைதியாகிவிடும்.

கொதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில், சாப்பிடுகிறவரை ஆசையோடு பார்த்தால் கொதி பட்டுவிடும் என்பார்கள். சின்ன வயதில் எனக்கு வயிற்றுக்குத்து வந்தால் அம்மம்மா உடனே கொதி என்று முடிவுகட்டி, தண்ணீர் ஓதித் தருவார். அந்தப் பார்வையால் வயிறு நோகும் என்பதற்கு நான் சான்று காட்ட முடியாது. ஆனால் கண்ணில் பட்ட சாப்பாடு உடம்பை உடனே தொடுகிறது என்பதற்கு இருக்கிறது. சுண்டெலியின் ஹைப்போதலமஸில் ஏஜிஆர்பி என்று சுருக்கமாகச் சொல்லும் நரம்புக் கலங்கள் உண்டு, பசியை மூட்டுபவை. சான் பிரான்சிஸ்கோவில் சக்கரி நைட்டின் குழு 2015இல் காட்டியது இது: பசித்த எலியின் முன்னால் தீனியை வைத்த சில விநாடிகளிலேயே, ஒரு துணுக்குக் கூட வாய்க்குள் போக முன், அந்தக் கலங்கள் அடங்கிவிடுகின்றன. சாப்பாடு வரப்போகிறது என்று மூளை முன்கூட்டியே கணக்குப் போடுகிறது.

"சோத்துக்கு ஒரு வயிறு, தயிருக்கு ஒரு வயிறு" என்பதும் அம்மம்மா வாய்ச்சொல்தான். கலியாண வீட்டில் இனி ஒரு பிடி இறங்காது என்று எழும்புகிறவர், சட்டித் தயிரும் பாணியும் வந்ததும் மறுபடி இருந்துவிடுவார். பார்பரா ரோல்ஸும் கூட்டாளிகளும் 1981இல் இதை அளந்தே காட்டினார்கள். ஒரே வகை சான்ட்விச் மட்டும் கிடைத்தவர்களைவிட, நாலு வகை கிடைத்தபோது மூன்றில் ஒரு பங்கு கூடச் சாப்பிட்டார்கள். சலிப்பது தின்ற ருசிதான், வயிறு அல்ல.

பசியின் நினைவு உடம்பில் எவ்வளவு காலம் இருக்கும் என்று எனக்கு ஒரு நாள் தலையணைக்குக் கீழே தெரிந்தது. விரிப்பு மாற்றத் தூக்கினால், பழைய சீலைத் துண்டில் முடிந்த பிஸ்கட், காய்ந்த பாண் துண்டு, ஒரு பிடி அரிசி. அம்மம்மா 1978 நவம்பர் சூறாவளியைக் கண்டவர். தென்னையெல்லாம் சரிந்து, கூரை பறந்து, அரிசி நனைந்து முளைத்த கதையை எங்களுக்குப் பல தடவை சொல்லியிருக்கிறார். 1990இல் போருக்குப் பயந்து ஓடி ஒளிந்த நாட்களைப் பற்றி அவர் சொன்னதே இல்லை. அமெரிக்காவில் மினசோட்டாவில் அன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் 1944 கடைசியில் தொடங்கிய ஓர் ஆய்வில் 36 இளைஞர்களை, அவர்கள் சம்மதத்தோடு, 24 வாரம் அரைப்பட்டினி போட்டார். எடையில் கால்வாசி போனது. அவர்கள் சமையற் புத்தகங்களைச் சேர்த்து வாசித்தார்கள், கோப்பையை நக்கினார்கள், சாப்பாட்டையே கனவு கண்டார்கள். பட்டினி முடிந்து வேண்டிய மட்டும் சாப்பிடக் கொடுத்த பிறகும் வாரக்கணக்கில் வயிறு நிறைந்த உணர்வு வரவில்லை என்று சிலர் சொன்னார்கள். போரை எதிர்த்து ஆயுதம் தூக்க மறுத்த, திடகாத்திரமான இளைஞர்கள் அவர்கள். முடிச்சை நான் அவிழ்க்கவில்லை. பழைய பிஸ்கட்டை எடுத்துவிட்டுப் புதிதை வைத்து, அதே போல முடிந்து, அதே இடத்தில் வைத்தேன்.

போன மாரியில் அம்மம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு கிழமை. காய்ச்சல் விட்டு வீட்டுக்கு வந்தார், பசி வரவில்லை. சோற்றைப் பார்த்தால் முகத்தைத் திருப்புவார். "ஏலா, புள்ள." அவ்வளவுதான். மூன்று கிழமையில் கை எலும்பு தெரிந்தது. நாளுக்கு நாலு தரம் கேட்ட அந்தக் கேள்வி நின்றே போயிற்று. வீடு ஓய்ந்து கிடந்தது.

முதுமையில் வரும் பசியின்மைக்கு ஜோன் மோர்லி என்ற வைத்தியர் 1988இல் தனிப் பெயரே வைத்திருக்கிறார். நாக்கும் மூக்கும் மங்கும். இரைப்பை மெதுவாகக் காலியாகும். குடலில் சுரந்து "போதும்" என்று சொல்லும் கொலிசிஸ்டோகைனின் என்ற ஓமோன், வயதானவர்களில் கூட இருக்கும். 1994இல் சூசன் ரொபர்ட்ஸ் குழுவின் ஆய்வு இன்னும் கவலை தந்தது. இளைஞர்களுக்கும் முதியவர்களுக்கும் 21 நாள் சாப்பாட்டைக் குறைத்துவிட்டு, பிறகு விரும்பியபடி சாப்பிட விட்டார்கள். இளைஞர்கள் கூடச் சாப்பிட்டு இழந்ததை மீட்டுக்கொண்டார்கள். முதியவர்கள் அப்படிச் செய்யவில்லை. மெலிந்த உடம்பு தானாகக் கேட்டு வாங்கும் என்று காத்திருந்தால், வயதானவர்களில் அது கேட்காமலே இருந்துவிடலாம். "பசிச்சா தானே கேப்பா" என்று நாங்கள் விட்டுவைத்த நாட்களை நினைத்து நெஞ்சு பதறியது.

அப்போது கைகொடுத்தது ஒரு எலிக்கதை. ஆனந்தின் எலிகள் செத்துப்போயினதானே, 1954இல் டைடல்பாமும் ஸ்டெல்லரும் அதே பழுதுள்ள எலிகளைச் சாகவிடவில்லை. குழாயால் ஊட்டி உயிரைப் பிடித்துவைத்தார்கள். கிழமைகள் போக, எலிகள் ஈரமான, ருசியான தீனியை மட்டும் தொட்டன. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக, உலர்ந்த தீனிக்கும் தண்ணீருக்கும் வந்தன. பசி மையம் போனால் பசி போயிற்று என்று நான் வகுப்பில் முடித்துவிடுவேன். அங்கே அது படிப்படியாகத் திரும்பி வந்திருக்கிறது, முதலில் ஈரமும் ருசியும் பிடித்துக்கொண்டு.

எலிக்கு நடந்தது அம்மம்மாவுக்கும் நடக்கும் என்று இல்லை. ஆனாலும் அடுத்த நாள் சோற்றை விட்டுவிட்டோம். வைத்தியரும் கொஞ்சம் கொஞ்சமாய், அடிக்கடி, சத்தானதாய்க் கொடுக்கச் சொல்லியிருந்தார். எருமைத் தயிர் வாங்கி வந்தேன். மேலே படிந்திருந்த மஞ்சள் ஆடையை வழித்து, பாணி ஊற்றி, தேக்கரண்டி நுனியில் உதட்டில் தொட்டேன். நக்கினார். இரண்டாவது கரண்டிக்கு வாயைத் திறந்தார். நாலு கரண்டியோடு தலையாட்டி நிறுத்தினார். இரண்டு மணித்தியாலம் கழித்து மறுபடி. பாற்கஞ்சி, அவித்த முட்டையை மசித்து ஆணத்தில் குழைத்தது, திரும்பவும் தயிர். இரண்டு கிழமையில் குழையல் சோறு இறங்கியது. பிறகு முள் எடுத்த மீன்.

ஒரு வெள்ளிக்கிழமை, மத்தியானம் சாப்பிட்டு முடித்துச் சாய்மனைக் கதிரையில் இருந்தவர், என்னைக் கூப்பிட்டார்.

"எனக்கு இன்னும் சோறு தரல்லயே, புள்ள."

மேசையில் முள்ளோடு கோப்பை இருந்தது. நான் மூடியைத் திறக்கவில்லை. குசினிக்குள் அம்மா அகப்பையை வைக்கிற சத்தம் கேட்டது.

"இந்தா கொண்டு வாறன், அம்மா" என்றார், வேலிக்கு அப்பாலும் கேட்கும்படி.